அஸ்திவாரத்திற்கு முன் அளவு

பெருமுக்கல், மரக்காணம் பக்கத்துக் கிராமங்களில் வேலியும் வேப்பமரமுமே மனைக்கு எல்லையென்று நம்பி அஸ்திவாரம் போடுவோர் அநேகர். வேலி நகரும், மரம் பட்டுப்போகும், சர்வே அளவே கணக்கில் நிற்கும். பழைய சர்வே சங்கிலி ஒன்றுக்கு 66 அடி. அதில் 100 லிங்க். 3 லிங்க் தவறினால் ஏறக்குறைய 2 அடி தவறும். 40 அடிச் சுவர் 2 அடி தள்ளி எழும்பினால் அயலார் மனையில் 80 சதுர அடி போய்விடுகிறது. இது ஒரு செண்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவே. ஆயினும் இதன்பொருட்டு நடக்கும் வியாஜ்யத்தின் செலவு அந்நிலத்தின் விலையை விழுங்கிவிடக்கூடும்.

அப்படிக் கட்டின வீட்டை இடிக்கவேண்டுமா என்பதில் கட்டினவருடைய எண்ணமும், நிலத்துக்குரியவருடைய நடத்தையும் முக்கியமானவை. இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரத்து நிலத்தைப் பற்றிப் பிரபுக்கள் சபை 1866-ல் தீர்த்த ராம்ஸ்டன் – டைசன் வழக்கு இவ்விஷயத்தில் பேர்பெற்றது. தன் நிலமென்று மெய்யாக நம்பி ஒருவர் கட்டும்போது, உரியவர் அத்தவற்றை அறிந்தும் வாய்திறவாமல் பார்த்திருந்தால், பின்னர் அதனால் அவர் லாபமடைய நியாயம் இடங்கொடாது. பிறர் நிலமென்று தெரிந்தே கட்டினவருக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்த நியாயத்தை நம் நாட்டுக் கோர்ட்டுகளும் எடுத்தாண்டிருக்கின்றன.

1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 51-ம் பிரிவும் அறியத்தக்கது. கிரயம் முதலியவற்றால் பெற்ற சொத்து தனக்கே உரியதென நல்லெண்ணத்துடன் நம்பி அதில் கட்டினவரை, மேலான உரிமையுள்ளவர் வெளியேற்றினால், கட்டிடத்தின் மதிப்பைக் கொடுக்கவேண்டும். அல்லது நிலத்தைச் சந்தை விலைக்கு அவருக்கே விற்கவேண்டும். தன் பத்திரத்தில் அடங்காத அயல்மனையை வளைத்தவர் இப்பிரிவை எளிதில் நாட முடியாது.

காலக்கெடுவும் உண்டு. 1963-ம் வருஷத்துக் காலவரைச் சட்டப்படி, பிறர் தமக்கே உரியதென வெளிப்படையாக அனுபவித்துவரும் நிலத்தை மீட்க, தனியாருக்கு 12 வருஷமும் அரசாங்கத்துக்கு 30 வருஷமும் கெடு. ஆகையால் உப்பளத்தை ஒட்டிய அரசாங்க நிலத்தில் 12 வருஷம் குடியிருந்தாலே சொந்தமாகிவிடும் என்று எண்ணுவது வீண்.

கிராமவாசிகள் கவனிக்கவேண்டியவை:

1. கடைக்கால் தோண்டுமுன் கட்டணம் செலுத்தி, பக்கத்து மனைக்காரர் முன்னிலையில் சர்வேயரைக்கொண்டு அளக்கச் செய்க.

2. பத்திரத்தின் நான்கு எல்லைகளையும் பட்டாவின் பரப்பையும் ஒத்துப் பார்க்க. பழைய பத்திரம் செண்டில் இருக்கும். இப்போதைய பட்டா ஏர்ஸில் இருக்கும். ஓர் ஏர்ஸ் ஏறக்குறைய 2½ செண்டு.

3. அயலார் உங்கள் மனையில் சுவரெழுப்பக் கண்டால், அன்றே எழுத்து மூலம் ஆட்சேபணை செய்க. கூரை போட்டபின் கேட்பதைவிட வானம் தோண்டும்போது கேட்பது இருவருக்கும் நலம்.

4. சமாதானம் ஏற்பட்டால் வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல், அந்தத் துண்டு நிலத்தைக் கிரயமாகவோ பரிவர்த்தனையாகவோ பத்திரம் எழுதிப் பதிவு செய்க.

வீட்டை ஈடாக வைத்துக் கடன் கேட்கும்போது கூட்டுறவுச் சங்கம் பார்ப்பதும் எல்லையையே. சுவர் எவ்வளவு உறுதியானாலும், அது நிற்கும் நிலம் விவகாரத்தில் இருந்தால் அவ்வீடு நல்ல ஈடாகாது. ஒரு நாள் அளவுக்குச் செலவிடும் பணம், ஆயுள் முழுதும் சேர்த்த பொருளைக் காக்கும்.