வீட்டில் கட்டிய விசைப்படகு

மரத்தால் படகு கட்டுவது எந்நாட்டிலும் கைதேர்ந்த தச்சர்க்கே உரிய தொழிலாக நெடுங்காலம் இருந்து வந்தது. பலகையை அறுத்து, கொதிநீராவியிற் பதப்படுத்தி வளைத்து, விலாச்சட்டங்களோடு இறுக்கி, இடைவெளிகளிற் பஞ்சும் கீலும் இட்டுக் கலப்பற்றி முடிப்பதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அத்தகைய பயிற்சி சிறிதும் இல்லாத பொதுமக்கள், 1950-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நாட்டில், தத்தம் வீட்டு வண்டிக்கொட்டிலிலேயே விசைப்படகு கட்டலாயினர். இன்றும் கட்டி வருகின்றனர். படகின் உடலை இவ்வாறு எவரும் கட்டுதற்கு வழி பிறந்தது எங்ஙனம் என்பதை இப்பாடத்திற் காண்போம்.

இயந்திரம் முன்னரே கிடைத்திருந்தது. நார்வே நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூடு என்பார், படகின் பின்புறத்தில் மாட்டிக்கொள்ளத்தக்க சிறு பொறியொன்றை 1909-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொணர்ந்தார். கிடைக்காதிருந்தது ஏற்ற பலகையே. மெல்லிய மரத்தகடுகளை, ஒன்றன் நார் நீளவாட்டிலும் அடுத்ததன் நார் குறுக்குவாட்டிலும் அமையுமாறு அடுக்கி ஒட்டிய ஒட்டுப்பலகை அப்போதும் உண்டு. எனினும், அதனை ஒட்டிய பசை நீரில் ஊறி நெகிழ்ந்து, தகடுகள் தனித்தனியே பிரிந்துவிடும். 1934-ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்து ஜேம்ஸ் நெவின் என்னும் வேதியியலார், நீருக்கு நெகிழாத பசையைக் கண்டார். அதன் பயன் இரண்டாம் உலகப்போரில் விளங்கிற்று. நியூ ஆர்லியன்சு நகரத்து ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் என்பார் ஒட்டுப்பலகை கொண்டு வகுத்தமைத்த, படைவீரரைக் கரையில் இறக்கும் படகுகள் 20,000-க்கு மேற்பட்டவை கட்டப்பெற்றன. போர் முடிந்தபின் அப்பலகை கடைகளில் எல்லார்க்கும் கிடைத்தது. கிரிஸ்கிராப்ட் என்னும் படகு நிறுவனம், படகின் உறுப்புகளை அறுத்துத் தொகுதியாக்கி 1950-இல் விற்கத் தொடங்கிற்று. கலிபோர்னியாவில் கிளென் விட் என்பார், வீட்டிற் கட்டுவோர்க்கென வரைபடங்களை விற்கும் நிறுவனம் ஒன்றை 1953-இல் தோற்றுவித்தார்.

மாணவர்களே, உங்கள் குறிப்பேட்டின் மேலட்டையைக் கையிலெடுங்கள். அதனைக் குழலாகச் சுருட்டலாம், கூம்பாகவும் சுருட்டலாம். ஒரு குடத்தின் வயிற்றின்மேல் அது படியுமாறு அழுத்திப் பாருங்கள். ஓரங்கள் மடியும், அல்லது கிழியும். ஒட்டுப்பலகையின் இயல்பும் இதுவே. அஃது ஒரு திசையில் இணங்கி வளையும்; அவ்வாறு வளைந்தபின் மற்றொரு திசையில் வளைய மறுக்கும். பழைய மரக்கலங்களின் வயிறோ குடம்போல் இரு திசையிலும் வளைந்தது. ஆகவே, புதிய படகை வரைந்தோர் குழலும் கூம்பும் போன்ற பரப்புகளாலேயே அதனை அமைத்தனர். அடிக்கு இரு பலகை, பக்கங்களுக்கு இரு பலகை, பின்னே ஒரு பலகை. அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேருமிடத்திற் கூரிய விளிம்பு. இவ்விளிம்பை நாம் கூடுவாய் என வழங்குவோம்.

பொருளின் குறையால் நேர்ந்த இவ்வடிவம் விரைவுக்கு உகந்ததாயிற்று. எனக்கு மிக்க வியப்பை அளிப்பது இதுவே. மெதுவாகச் செல்லும் படகு நீரை விலக்கிக்கொண்டு செல்கிறது. தான் எழுப்பும் அலையின் பள்ளத்தில் தானே அகப்பட்டுக்கொள்கிறது. நீரிற் படியும் நீளம் 16 அடியுள்ள படகு, இம்முறையில் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு மேற்செல்ல முயன்றால், பொறியின் வலிமை பெரும்பாலும் வீணாகும். அதனினும் விரைய வேண்டுமாயின், அலைமேல் ஏறி நீர்ப்பரப்பில் வழுக்கிச் செல்லவேண்டும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்தெறிந்து தத்தவிடும் சிறுவர் இதனை நன்கறிவர். உருண்டைக் கல் மூழ்கும். தட்டையான சில்லே தத்தும். உருண்ட வயிறுடைய படகில், நீர் வளைவைத் தழுவி மேலேறிப் படகைக் கீழே இழுக்கும். கூரிய கூடுவாயிலோ நீர் அறுபட்டு விலகும். ஆயினும், முழுதும் தட்டையான அடி அலையில் மோதி அதிரும் ஆதலால், தலைகீழாக்கிய கூரைபோல் இருபுறமும் சரிந்த அடியை விரும்புவர். ரே ஹண்ட் என்பார் அச்சரிவைப் பின்பலகை வரையில் குறையாது வகுத்தார். அவர் வகுத்த மாப்பி என்னும் மரப்படகு, 1960-இல் மயாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த பந்தயத்தில், கொந்தளித்த கடலில் முதலாவதாக வந்தது.

இனிக் கட்டும் முறையைக் கூறுவோம். படகைக் கவிழ்ந்த நிலையிலேயே கட்டுவர். அடிப்பலகையை மேலிருந்து பொருத்துதல் எளிதன்றோ? முதலில் விலாச்சட்டங்களை முழு அளவில் வரைந்து, அவ்வரைவின்மேல் வைத்து அவற்றைச் செய்வர். விலாச்சட்டத்துக்கு வங்கு என்றும், முதுகெலும்பாய் நடுவே ஓடும் கட்டைக்கு ஏரா என்றும், முன்புறத்துக்கு அணியம் என்றும் தமிழிற் பெயருண்டு. இவ்வழகிய சொற்கள் இருக்க, வேறு தேட வேண்டுவதில்லை. மட்டமான இரு நெடுங்கட்டைகளின்மேல் வங்குகளைக் கவிழ்த்து நிறுத்தி, இரசமட்டமும் தூக்குக்குண்டும் கொண்டு ஒவ்வொன்றையும் சரிபார்ப்பர். நெடுக இழுத்துக் கட்டிய நூல் எல்லா வங்குகளின் நடுக்கோட்டையும் தொடுதல் வேண்டும். அதன்பின் ஏராவையும் கூடுவாய்ச் சட்டங்களையும் வங்குகளில் வெட்டிய பள்ளங்களிற் பசையிட்டு, வெண்கலத் திருகாணியால் இறுக்குவர்.

அடுத்து வருவதே கடினமான வேலை. அணியத்தை நோக்கிச் செல்லச் செல்ல, பலகை சாயும் கோணம் மாறிக்கொண்டே போகும். ஆகவே, வங்கின் விளிம்பும் சட்டத்தின் விளிம்பும் ஒவ்வோரிடத்தும் வெவ்வேறு சாய்வாக இழைக்கப்பெறல் வேண்டும். நீண்ட மெல்லிய சிலாகை ஒன்றை வங்குகளின்மேல் நெடுக வளைத்து வைத்துப் பார்ப்பர். எங்கேனும் மேடு தட்டினால், இழைப்புளியாற் சிறிது சீவி மீண்டும் வைத்துப் பார்ப்பர். இப்பணிக்குக் கண்ணும் கையுமே கருவி. பலகையேற்றும் ஆவலால் இதில் விரைந்துவிடுவோர் பலர். சாய்வு சரியாக அமையாதவிடத்திற் பலகை சட்டத்தின் ஓரத்தை மட்டுமே தொடும். பசை பற்றுதற்கு இடமிராது. அலையின் அடிகளையெல்லாம் திருகாணி ஒன்றே தாங்க வேண்டியதாகும்.

கடையிற் கிடைக்கும் ஒட்டுப்பலகை பெரும்பாலும் 8 அடி நீளமே உடையது. 14 அடிப் படகுக்கு இரண்டை இணைத்தல் வேண்டும். பலகையின் தடிப்பைப்போல் 8 மடங்கு நீளத்துக்கு இரு முனைகளையும் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டுவர்.

அடிப்பலகையின் பிற்பாதி எள்ளளவும் வளையாமல் நேராக ஓடுதல் வேண்டும். இதனை எத்துணை வற்புறுத்தினும் தகும். படகு விரையும்போது அப்பகுதியே அதன் சுமையைத் தாங்கி நீரின்மேல் நிற்கிறது. பின்முனைக்கருகில் அடி உட்குழிந்திருந்தால், நீர் பின்புறத்தை உயர்த்தி அணியத்தை அமுக்கும். அமுங்கிய அணியம் நீரைக் கவ்வி, படகைத் திடீரெனத் திருப்பிவிடக்கூடும். அடி புறங்குவிந்திருந்தாலோ, அணியம் எழுவதும் விழுவதுமாகப் படகு ஓங்கில்போல் துள்ளும். மெல்ல ஓட்டுமளவும் இக்குறைகள் தோன்றா. விரைந்து ஓட்டும்போதே வெளிப்படும். படகு கொட்டிலிற் கவிழ்ந்து கிடக்கும்போதே நேரான நீண்ட கோல் ஒன்றை அடியின்மேல் நெடுக வைத்துப் பார்த்தால், குழிவும் குவிவும் தெரிந்துவிடும். இச்சோதனைக்கு ஆகும் நேரம் சில நிமிடமே.

வங்குச் சட்டங்களை முன்னர் நிறுத்தாமற் கட்டும் முறையும் உண்டு. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டுச் செப்புக் கம்பியாற் தைத்து, தையலின்மேற் பசை பூசிக் கண்ணாடியிழை நாடாவை ஒட்டுவர். இங்கிலாந்தில் 1963-இல் வெளிவந்த மிர்ரர் என்னும் சிறு பாய்மரப்படகு, இம்முறையில் 70,000 வரையிற் கட்டப்பெற்றது. சென்னைக் கரையின் பேரலைகளைக் கடந்த மசூலாப் படகுகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பெற்றவை என்பதை அறிந்தோர்க்கு இது முற்றிலும் புதியதாகத் தோன்றாது.

உடல் முடிந்ததும் அண்டை வீட்டாரைத் துணைக்கழைத்துப் படகை நிமிர்த்துவர். கொட்டிலின் வாயிலிற் படகு நுழையுமா என்பதை முன்னரே அளந்திருத்தல் நலம். அளவாதவர் சுவரை இடிக்க நேரும். பலகையின் அறுத்த ஓரங்கள் நீரை உறிஞ்சும் ஆதலின், அவற்றுக்குப் பசையைப் பலமுறை பூசுவர். வங்குகளின் அடியில் வடிதுளைகள் விடுவர். மரத்தை மக்கச் செய்வது பெரும்பாலும் கடல்நீரன்று, உள்ளே தேங்கிய மழைநீரே. பொறியை மாட்டுமுன் படகை நீரிலிறக்கி, ஓரிரவு கட்டிவைத்து, கூடுவாய் நெடுகிலும் உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பர். எங்கும் ஈரமில்லையாயின், பொறி ஏறும்.