தூணைத் துளைத்த சிப்பிகள்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக்கு மேற்கே, மத்தியதரைக் கடலின் ஒரு வளைகுடாவில் இருக்கிறது பொத்சுவோலி. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் பூட்டியோலி. எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து ரோமுக்கான கோதுமையை ஏற்றிவந்த கப்பல்கள் இங்கேதான் கரை சேர்ந்தன. சென்ற கோடை விடுமுறையில் நேப்பிள்ஸில் பணிபுரியும் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, இரண்டு நாள்கள் இந்த ஊரைச் சுற்றிப் பார்த்தேன். சமூக அறிவியல், அறிவியல் ஆகிய இரு பாட ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தத்தக்க ஒரு பாடம் அங்கே மூன்று கல் தூண்களாக நிற்கிறது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

துறைமுகத்திலிருந்து சில நிமிட நடையில், தெருமட்டத்தைவிடத் தாழ்வாக ஒரு பள்ளம், சுற்றிலும் கம்பிவேலி. வேலியருகே நின்று குனிந்து பார்த்தால் ரோமானியர் கட்டிய சதுர முற்றமும் அதில் மூன்று உயரமான பளிங்குத் தூண்களும் தெரியும். 1750-இல் தோண்டியபோது செராபிஸ் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் சிலை கிடைத்ததால், 'செராபிஸ் கோயில்' என்று பெயரிட்டுவிட்டார்கள். உண்மையில் அது உணவுப்பொருள்கள் விற்ற சந்தை. இன்றும் வழிகாட்டிகள் சிலர் கோயில் என்றே சொல்கிறார்கள். ஒட்டிய பெயர் எளிதில் உதிர்வதில்லை!

தூண்களைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 42 அடி உயரம். அடியிலிருந்து ஏறத்தாழ 12 அடி வரை வழவழப்பு. அதற்குமேல் 9 அடி அளவுக்குப் பட்டை போட்டதுபோல் ஆயிரக்கணக்கான துளைகள். அதற்கும் மேலே மீண்டும் துளையில்லாத கல். மூன்று தூண்களிலும் இந்தப் பட்டை ஒரே மட்டத்தில் இருக்கிறது.

துளைத்தது ஒரு கடல் சிப்பி. சுண்ணாம்புக் கல்லையும் பளிங்கையும் தன் சுரப்பால் அரித்து உள்ளே குடியிருக்கும் உயிரி அது. பேரீச்சங்கொட்டை வடிவில் இருப்பதால் 'கடல் பேரீச்சை' என்கிறார்கள். கடல்நீரில் மட்டுமே வாழும். அப்படியானால் நிலத்தில் கட்டிய சந்தையின் தூணில், ஓர் ஆள் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேலே, அது எப்படி வந்தது?

ஊர் திரும்பியதும் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் மூன்று தூண்களை வரைந்து, பட்டையை மட்டும் புள்ளிகளால் நிரப்பிவிட்டு, இந்தக் கேள்வியைக் கேட்டேன். வேறெதுவும் சொல்லவில்லை. முதலில் வந்த பதில் "வெள்ளம் வந்திருக்கும் சார்" என்பது. வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும், சிப்பி கல்லைக் குடைய ஆண்டுக்கணக்காகும் என்று இன்னொரு மாணவியே மறுத்துவிட்டாள். "கடலுக்குள் கிடந்த கல்லை எடுத்துவந்து தூணாக நட்டிருப்பார்கள்" என்றான் கடைசி வரிசைப் பையன் ஒருவன். நல்ல பதில். அதை உடைக்க வகுப்புக்குப் பத்து நிமிடம் ஆனது. கடலில் கிடந்த கல் என்றால் துளைகள் கண்டபடி இருக்கும். மூன்றிலும் ஒரே மட்டத்தில் ஏன் இருக்க வேண்டும்? ஆகவே தூண் நின்றபடியே கடலுக்குள் இருந்திருக்கிறது. அடிப்பகுதியில் ஏன் துளையில்லை? அங்கே மண்ணும் இடிபாடும் மூடியிருந்ததால் சிப்பியால் நெருங்க முடியவில்லை. மேலே ஏன் இல்லை? தண்ணீர் அதுவரை வரவில்லை.

எஞ்சியது ஒரே கேள்வி: ஏறியது கடலா, இறங்கியது நிலமா? கடல் என்றால், மத்தியதரைக் கடற்கரை முழுவதும் எல்லா ஊர்களிலும் அதே அளவு நீர் ஏறிய அடையாளம் இருக்க வேண்டும். அப்படி இல்லை. எனவே இந்த ஊரின் நிலம்தான் தாழ்ந்து, பிறகு உயர்ந்திருக்கிறது. தூண்கள் சாயாமல் நிற்பதால் அது மெதுவாகவே நடந்திருக்கிறது.

பெரியவர்களுக்கே இதில் கருத்து வேறுபாடு இருந்தது என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். 1787-இல் இங்கே வந்த ஜெர்மன் கவிஞர் கதே, எரிமலைச் சாம்பல் அணைபோல் தடுத்ததால் தூண்களைச் சுற்றி உப்புநீர்க் குளம் தேங்கியிருக்கும் என்று விளக்கினார். 1828-இல் வந்த சார்லஸ் லயல், நிலமே ஏறி இறங்கியது என்றார். 1830-இல் அவர் வெளியிட்ட புவியமைப்பியல் நூலின் முகப்புப் படமே இந்தத் தூண்கள்தாம்.

காரணம் காலடியில் இருக்கிறது. ஊர் முழுவதும் காம்பி ஃப்ளெக்ரெய் என்ற மிகப்பெரிய எரிமலைப் பள்ளத்துக்குள் அமைந்திருக்கிறது. அடியிலுள்ள பாறைக்குழம்பு, வாயு, வெந்நீர் ஆகியவற்றின் அழுத்தம் மாறும்போது தரை மூச்சு விடுவதுபோல் உயர்ந்து தாழ்கிறது. 1538-இல் கடற்கரை பல மீட்டர் உயர்ந்து, பின் ஒரு வாரத்துக்குள் புதிய குன்று ஒன்றே எழுந்துவிட்டது. அதன் பெயரும் 'புது மலை'தான்: மோந்தே நுவோவோ.

ஊரில் பார்க்க வேறு இடங்களும் உண்டு. வட்டரங்கின் நிலவறைப் பாதைகள் நன்றாகவே எஞ்சியிருக்கின்றன. விலங்குக் கூண்டுகளை மேலே ஏற்றிய திறப்புகளைக் காணலாம். குன்றின்மேல் உள்ள பேராலயம் 1964-இல் தீப்பற்றியபோது, எரிந்த சுவர்ப்பூச்சுக்குள்ளிருந்து ரோமானியக் கோயிலின் தூண்கள் வெளிப்பட்டன. அருகிலுள்ள பையாவில் ரோமானியச் செல்வர்களின் மாளிகைகள் கடலுக்கடியில் கிடக்கின்றன. கண்ணாடித் தரை பதித்த படகில் போய்ப் பார்க்கலாம்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஒரு கைப்பிடிச் சாம்பலுக்காக. இங்குள்ள எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கடியிலும் இறுகும் என்பதை ரோமானியர் அறிந்திருந்தார்கள். பாலஸ்தீனக் கரையில் ஏரோது மன்னன் கட்டிய செசாரியா துறைமுகத்துக்கும் இந்தச் சாம்பல் கப்பலில் போயிருக்கிறது. நம் ஊர்க் கடையில் 'பிபிசி சிமென்ட்' என்று வாங்குகிறோமே, அதன் நடு எழுத்து 'பொசோலானா'. இந்த ஊரின் பெயர்தான் அது! நம்மிடம் எரிமலைச் சாம்பலுக்குப் பதில் அனல்மின் நிலையங்களின் உலர்சாம்பல் சேர்கிறது. காலி சிமென்ட் பை ஒன்றை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இவையெல்லாம் பழங்கதை அல்ல. 1970-இல் பழைய நகர்ப்பகுதியான ரியோனே தெர்ராவிலிருந்து சுமார் 3,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 1982 முதல் 1984 வரை தரை ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. சுமார் 40,000 பேர் வீடுகளை விட்டு நகர்ந்தார்கள். 2005 முதல் தரை மீண்டும் உயர்ந்து வருகிறது. 2024 மே மாதம் 4.4 அளவில் நிலநடுக்கம் வந்து, பலர் வீட்டுக்கு வெளியே இரவைக் கழித்தார்கள். சிறு படகுத்துறையில் கடல் பின்வாங்கி, படகுகள் சேற்றில் அமர்ந்திருக்கும் காட்சியை நானே பார்த்தேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவரிடம், பயமில்லையா என்று தங்கை மூலம் கேட்டேன். வேறெங்கே போவது என்பதுதான் அவர் பதில். ஊரை விட்டால் தொழிலையும் விட வேண்டும்.

நம் கடலோரப் பள்ளிகளுக்கு ஒரு பின்தொடர் செயல்பாடு சொல்கிறேன். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த இருகைப்பிடி மதுச் சாடிகளில் சிலவற்றின் களிமண்ணில் கறுப்பு எரிமலை மணல் உண்டு. அவை இந்த வளைகுடாப் பகுதியில் வனைந்தவை. அந்தச் சாடியில் தொடங்கி, நம் கொற்கைக்கு வாருங்கள். முத்துக்குப் பேர்போன துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பொத்சுவோலியில் கடல் விலகியதும் கொற்கையில் கடல் விலகியதும் ஒரே காரணத்தாலா? தாமிரபரணியை வரைபடத்தில் காட்டிவிட்டு, ஆறு கொண்டுவரும் வண்டல் மண்ணைப் பற்றி மாணவர்களே பேசும்வரை காத்திருங்கள். என் வகுப்பில் அதற்கு ஒரு பாடவேளை போதவில்லை; மறுநாளும் தொடர்ந்தோம்.