“இடிக்கலையே அக்கா!”

பாதையில் நடந்து போகிறவரை உரசுகிற மாதிரி தாண்டிப் போகிற எந்தத் தம்பியை நிறுத்திக் கேட்டாலும் இந்த ஒரே பதில்தான் வரும். இடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் அது உன் கணக்கு. ஈரச்சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு தள்ளுவண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த அந்தப் பாட்டியின் கணக்கு வேறு. நீ அடுத்த திருப்பத்துக்குள் மறந்துவிடுவாய். அவருக்கு வீடு போய்ச் சேரும்வரை கை நடுங்கும். நாளையிலிருந்து அந்தப் பக்கம் மாலை நடைக்கே வரமாட்டார். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் தரும் டிப்ஸ் எல்லாம் ஒரு கேள்வியை வைத்துத்தான்: நீ தாண்டிப் போன பிறகு நடந்தவர் அதே வேகத்தில், அதே நிம்மதியோடு நடந்துகொண்டிருக்கிறாரா?

ஊரிலிருந்து வேலைக்காக சிங்கப்பூர் வந்து, முதல் சம்பளத்தில் ஒரு பழைய சைக்கிள் வாங்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் எழுதுகிறேன். “எனக்கு ஆறு வயசிலிருந்தே சைக்கிள் தெரியும்” என்பீர்கள். தெரியும்தான். ஆனால் ஊரில் சைக்கிள்காரன் சாலையில் எளியவன். பஸ் ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்கி வழிவிடுகிறவன். இங்கே நடைபாதையில் ஏறிய நிமிடமே நீதான் அந்த பஸ். இந்த மாற்றம் காலுக்குப் பழகிவிடும், தலைக்குப் பழகத்தான் நாளாகும்.

முதலில் வேகம். இங்கே நடைபாதையில் சைக்கிள் ஓட்ட அனுமதி உண்டு, மணிக்கு 10 கிலோமீட்டர் வரை. முன்பு 15 ஆக இருந்ததை 2019 பிப்ரவரியில் குறைத்தார்கள். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. காகிதத்தில் இரண்டும் சின்ன எண்கள்தான். நொடிக் கணக்கில் பார்: 25-ல் போனால் ஒரு நொடியில் ஏழு மீட்டர் போய்விடுவாய். எதிரே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதற்குள் ஏழு மீட்டர் போயாச்சு, பிரேக் இன்னும் வேலையையே தொடங்கவில்லை. 10-ல் அதே நொடியில் மூன்று மீட்டருக்கும் குறைவு. அது மட்டுமில்லை, வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுக்கும் தூரம் நான்கு மடங்காகும். மழை பெய்த தரையென்றால் இன்னும் அதிகம்.

வேகம் காட்டும் கருவி இல்லையே என்பாய். தேவையில்லை. நடைபாதையில் மெல்ல ஜாகிங் போகும் ஒருவரை நீ சுலபமாகத் தாண்டுகிறாயா? அப்படியானால் பெரும்பாலும் 10-ஐத் தாண்டியிருப்பாய். அவர் உன்னைத் தாண்டிப் போனால் வெட்கப்படாதே, சரியான வேகத்தில்தான் இருக்கிறாய். 25 வரை போகலாம் என்றால் 25-லேயே போக வேண்டும் என்றும் இல்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை வாடகை சைக்கிளில் நேற்றுதான் பேலன்ஸ் கற்ற குழந்தைகள் இடமும் வலமுமாக நெளிந்துகொண்டிருக்கும்போது 25 என்பது பைத்தியக்காரத்தனம். வேகமாக ஓட்ட ஆசையா? காலை ஆறு மணிக்குப் போ.

அடுத்தது மணி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் நான் பார்க்கிற மயிரிழைத் தப்புதல்களில் பாதிக்கு மேல் மணியை அடிக்காததால் இல்லை, தப்பான நேரத்தில் அடித்ததால்தான். முதுகுக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் வந்து ‘டிங்’ என்றால் மனிதர் என்ன செய்வார்? துள்ளுவார். எந்தப் பக்கம் துள்ளுவார் என்பது அவருக்கே தெரியாது. பாதி நேரம் நீ தாண்ட நினைத்த அதே பக்கம்தான் வருவார். ஆகவே தூரத்திலேயே, ஒரு இருபது மீட்டர் இருக்கும்போதே, மெதுவாக ஒரு முறை அடி. அடித்துவிட்டு வேகத்தைக் குறை. மணி அடித்தாயிற்று, இனி விலகுவது அவர் பொறுப்பு என்று மிதிக்காதே. அவர் தலை திரும்புகிறதா, தோள் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார். அவர் ஒரு பக்கம் ஒதுங்கி நின்ற பிறகுதான் தாண்டுவது.

காதில் இயர்போன் இருந்தால் மணி இருந்தும் இல்லாததுதான். அவர் நடை வேகத்துக்கு இறங்கி, இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே போ. அரை நிமிடம் போகும், அவ்வளவுதான். வயதானவர்கள் விஷயத்தில் இன்னொன்று: மணி கேட்டு சட்டென்று தலையைத் திருப்பினாலே சிலருக்குத் தடுமாறும். அவர்களுக்கு மணியைவிடக் குரல் நல்லது. “எக்ஸ்கியூஸ் மீ ஆன்ட்டி” என்று கொஞ்ச தூரத்திலிருந்தே சொல், தாண்டும்போது ஒரு தேங்க் யூ. சீனப் பாட்டியோ மலாய்த் தாத்தாவோ நம் ஊர் மாமாவோ, யாரும் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

பெற்றோர் பாதையின் ஒரு ஓரம், குழந்தை மறு ஓரம் என்று நடந்தால் நடுவில் புகுந்து போகவே போகாதே. மணி கேட்டதும் அம்மா “இங்கே வா” என்பாள், குழந்தை உன் சக்கரத்துக்குக் குறுக்கே அம்மாவிடம் ஓடும். நாயும் அப்படியே. நாய் ஒரு பக்கம், ஆள் மறுபக்கம் என்றால் நடுவில் ஒரு கயிறு இருக்கிறது. இருட்டில் அது கண்ணுக்கே தெரியாது.

இடங்களும் முக்கியம். வீவக அடுக்குமாடிப் பேட்டைகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், புளோக்கின் அடியில் திறந்தவெளியாக இருக்கும் வாய்ட் டெக் தூண்களுக்குப் பின்னாலிருந்து யார் வேண்டுமானாலும் முளைப்பார்கள். லிஃப்ட் கதவு திறந்தால் குழந்தை முதலில் ஓடிவரும், தாத்தா பின்னால் வருவார். அங்கெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ. பல இடங்களில் இறங்கச் சொல்லிப் பலகையே இருக்கும். அதைவிட மோசம் பஸ் நிறுத்தம். வரும் பஸ்ஸின் எண்ணைப் பார்த்து ஓடுகிறவர் கண்ணுக்கு அந்த பஸ்ஸைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரோ கைபேசியைப் பார்த்துக்கொண்டே காலை வைப்பார். அங்கே உனக்கு வழி இருக்கிறது என்று நம்பாதே. மாலை ஏழு மணிக்கு எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலும் இதே கதைதான். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் வெளிவாயில் நடைபாதையை வெட்டும் இடத்தில், வெளியே வருகிற டிரைவர் சாலையைத்தான் பார்ப்பார், நடைபாதையை இல்லை.

இதிலிருந்து சாலைக் கடப்புக்கு வருகிறேன். பச்சை மனிதன் விளக்கு எரிகிறது என்று அதே வேகத்தில் பாய்கிறவர்களைப் பார்க்கிறேன். கடக்கும் இடத்தில் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும் என்பது இங்கே 2019-லிருந்து சட்டம். சட்டத்தை விடு, அதன் காரணத்தைப் பார். இடப்பக்கம் திரும்பப்போகும் டிரைவர், வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிகளைப் பார்த்துவிட்டு, நடைபாதையை ஒரு முறை பார்க்கிறார். நடக்கிறவர் நொடிக்கு ஒன்றரை மீட்டர்கூட வரமாட்டார், ஆகவே டிரைவர் பார்க்கிற அந்தச் சின்ன இடத்துக்குள் யாரும் இல்லையென்றால் திரும்பிவிடலாம். அது அவருடைய கணக்கு, தப்பில்லை. நீயோ நொடிக்கு ஐந்து மீட்டரில், அவர் பார்த்த இடத்துக்கு வெளியிலிருந்து வந்து விழுகிறாய். அவர் பார்க்காமல் திரும்பவில்லை. பார்த்தபோது நீ அங்கே இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, நடக்கிற வேகத்தில் கட.

சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு: ஹெல்மெட் கட்டாயம். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. சிவப்பு விளக்கில் நிற்காமல் போய்ப் பிடிபட்டால் 150 சிங்கப்பூர் வெள்ளி அபராதம், 2022-க்கு முன்பு 75 ஆக இருந்தது. குழுவாகப் போனால் ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இரட்டை வரிசையில் பத்துப் பேர், அதற்கு மேல் கூடாது. அடுத்த குழுவுக்கு இரண்டு விளக்குக் கம்ப தூரமாவது விட வேண்டும். விரைவுச்சாலைப் பக்கம் சக்கரத்தைத் திருப்பவே கூடாது. இதெல்லாம் எங்கேயும் படிக்கலாம்.

படித்தும் பலர் செய்யாதது ஒன்று உண்டு. நிற்கும் லாரிக்கும் நடைபாதை விளிம்புக்கும் இடையில் ஒரு சந்து தெரியும், அதில் நுழைந்து முன்னால் போய் நிற்பது. துவாஸ், ஜூரோங் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இதை நன்றாகக் கேளுங்கள். நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்தச் சந்து நீ இருக்கும்போதே சுருங்கும். டிரைவரின் இடப்பக்கக் கண்ணாடியில் நீ தெரியாமலே இருக்கலாம். பின்னாலேயே நில். கண்ணாடியில் உனக்கு அவர் முகம் தெரிந்தால்தான் அவருக்கு நீ தெரிவாய்.

நிறுத்தியிருக்கும் கார்களுக்கு அருகில் போனால் ஒரு கதவு திறக்கிற அகலம் விட்டுப் போ. மழைக்குப் பிறகு சாலையில் போட்ட வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் வழுக்கும், அவற்றின் மேல் திரும்பாதே, பிரேக் பிடிக்காதே.

பிரேக் என்றதும் ஞாபகம் வருகிறது. பிரேக்கே இல்லாத ஃபிக்சி சைக்கிளில் பள்ளிப் பையன்கள் சுற்றிய காலம் ஒன்று இருந்தது. 2021 முதல் பொதுப் பாதையில் ஓட்டும் சைக்கிளுக்கு ஒரு கைப்பிரேக்காவது வேலை செய்ய வேண்டும் என்று விதி வந்தது. ஒன்று போதும் என்பது சட்டம், இரண்டும் பிடிக்க வேண்டும் என்பது அக்கா. பழைய சைக்கிள் வாங்கினால் வண்ணத்தைப் பார்க்கும் முன் பிரேக் கட்டையைப் பார். மோட்டார் வைத்த சைக்கிள் என்றால் அது தனிச் சங்கதி: பதிவு, எண் பலகை, தேர்வு எல்லாம் உண்டு, நடைபாதையில் ஏறவே கூடாது.

உணவு கொண்டுபோகும் தம்பிகளைத் திட்ட எனக்கு மனம் வராது. அடுத்த ஆர்டருக்கான சத்தம் கைபேசியில் கேட்டுவிட்டால், குனிந்து பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது. ஆனால் ஓட்டிக்கொண்டே கைபேசியைக் கையில் பிடிப்பது இங்கே குற்றம். சத்தம் வந்தால் ஓரமாக நிறுத்து, பார், அப்புறம் கிளம்பு. நிறுத்த நேரமில்லை என்று தோன்றினால், அந்த ஆர்டரை எடுக்காமல் விடுவதுதான் சரி.

நடக்கிறவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. சிவப்பு வண்ணம் பூசிய சைக்கிள் பாதையில் நான்கு பேர் கைகோத்து நடப்பார்கள். மணி அடித்தால் முறைப்பார்கள். 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டியே இருக்கும் நடைபாதைகள் நடப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அதில் சைக்கிள் ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். “அப்போ அவங்க மட்டும் எங்க பாதையில நடக்கலாமா?” என்று கேட்கிறாய். கேள்வி நியாயம்தான். ஆனால் மோதினால் யாருக்கு எலும்பு முறியும் என்று பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வேகத்தைக் குறை. பாதையில் நின்று வழக்காடி யாரும் ஜெயித்ததில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நாள் உரசல் நடக்கத்தான் செய்யும். நடந்தால் நிற்க வேண்டும். திரும்பிப் பார்த்து “ஓகேயா?” என்று கேட்க வேண்டும். அவர் திட்டினால் கேட்டுக்கொள், பதில் சொல்லாதே. விழுந்துவிட்டாரென்றால் தூக்கி நிறுத்த அவசரப்படாதே. வயதானவர் இடுப்பெலும்பில் அடிபட்டிருந்தால் தூக்குவதே கெடுதல். 995-ஐ அழை, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இரு, உன் பெயரையும் எண்ணையும் கொடு. வேலை அனுமதி போய்விடுமோ என்ற பயத்தில் நழுவுகிறவர்கள் உண்டு. மோதிவிட்டு நிற்காமல் போவது தனிக் குற்றம், ஓடினால் விஷயம் பெரிதாகத்தான் ஆகும்.

ஒரே முனையில் திரும்பத் திரும்ப இப்படி ஆகிறதென்றால் தப்பு முழுக்க உன்னுடையதாக இல்லாமலும் இருக்கலாம். புதர் வளர்ந்து திருப்பத்தை மறைத்திருக்கும், விளக்கு எரியாமல் இருக்கும், பஸ் நிறுத்தத்தின் விளம்பரப் பலகை கண்ணை மறைக்கும். ஒரு படம் எடுத்து ஒன்சர்விஸ் செயலியில் போட்டுவிடு. எந்த அமைப்பின் பொறுப்பு என்று நீ தேட வேண்டாம், அவர்களே சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பார்கள். அது சரியாகும்வரை அந்த முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போ.