பகடி வேறு, பகடி வேறு

கல்யாண சீசனில் புனே லட்சுமி சாலைப் பக்கம் போனால், கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைகள் ஒரு நாள் பேஷ்வாவாகத் தயாராவதைப் பார்க்கலாம். கழுத்தில் உத்தரீயம், தலையில் சிவப்புப் பகடி. தமிழில் பகடி என்றால் கேலி, மராத்தியில் தலைப்பாகை. ஊருக்குப் புதிதாக வந்த தமிழர் ஒருமுறையாவது இதில் தடுக்கி விழுவார்.

நம்பிக்கை: புனேரி பகடி பேஷ்வாக்கள் விட்டுச் சென்றது.

புனேயிலிருந்து ஆண்ட மராத்திய பேஷ்வாக்களின் ஆட்சி 1818-இல் முடிந்துவிட்டது. இந்தப் பகடியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று புனேக்காரர்களே சொல்லும் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே பிறந்தது 1842-இல். முன்னே இருந்த ‘சக்ரிபந்த்’ தலைப்பாகையைத் தினமும் தலையில் சுற்றிக் கட்ட வேண்டும். பகடியைக் கட்டித் தைத்தே வைத்திருப்பார்கள், தொப்பிபோல எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பலாம். கோர்ட்டுக்கும் கல்லூரிக்கும் ஓடிய ஆங்கிலம் படித்த கூட்டத்துக்கு வசதியான சரக்கு. திலகரின் படங்களால் இந்தியா முழுக்க அறிமுகமாகி, 2009-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

நம்பிக்கை: அந்தக் காலத்தில் அவரவர் வழக்கப்படி உடுத்தினார்கள், யாரும் கேள்வி கேட்கவில்லை.

கேட்டார்கள். வேட்டி மடிப்பைக்கூட விடவில்லை. பம்பாயில் சோனார்கள், அதாவது தங்க வேலை செய்யும் ஆசாரிகள், பிராமணர்களைப்போல மடிப்பு வைத்து வேட்டி கட்டினார்கள். வணக்கம் சொல்லும்போது அவர்களைப்போலவே ‘நமஸ்கார்’ என்றார்கள். பேஷ்வா அரசு இரண்டையும் நிறுத்தப் பார்த்தது. பம்பாயோ கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊர். அதனால் என்ன? கம்பெனியின் கவுன்சிலிடமே பேசி, 1779-இல் சோனார்களுக்கு எதிராக உத்தரவு வாங்கியது. வெள்ளைக்காரர்களுக்கு வேட்டி மடிப்பில் என்ன அக்கறை இருந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இது மேல்தட்டுச் சண்டை. கீழே இருந்தவர்களுக்கு விதித்தது உடையே அல்ல, அடையாளச் சின்னம். பேஷ்வாக்களின் தலைநகரான புனேயில் தீண்டப்படாதவர் நடந்தால், தன் காலடித் தடத்தைப் பெருக்கிக்கொண்டே போக இடுப்பில் துடைப்பமும், எச்சிலைத் துப்பக் கழுத்தில் மண்கலயமும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது என்று 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் எழுதினார். மகாராஷ்டிரத்தில் மற்றவர்கள் தெரியாமல் அவரைத் தொட்டுவிடக் கூடாதென்று மணிக்கட்டிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு. நாகர்கோவில் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோள்சீலைக்காக அங்கே பல பத்தாண்டுகள் அடிதடி நடந்து, 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்க அனுமதித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல அணியக் கூடாது என்று ஒரு கொக்கி வைத்தது.

ரோமிலும் இப்படி ஒரு யோசனை எழுந்தது. அடிமைகளுக்குத் தனி உடை வைக்கலாமா என்று செனட்டில் பேசியிருக்கிறார்கள். பிறகு கைவிட்டுவிட்டார்கள். எல்லாரும் ஒரே உடையில் வந்தால், நாம் எத்தனை பேர் என்று அடிமைகள் எண்ணத் தொடங்கிவிடுவார்களே என்ற பயம். எழுதி வைத்தவர் ரோமானியத் தத்துவஞானி செனெக்கா. புனேயில் அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை.

நம்பிக்கை: ரோமானியர் எல்லாரும் எப்போதும் டோகா போர்த்தித் திரிந்தார்கள்.

சினிமாவின் வேலை. டோகா குடியுரிமை பெற்ற ஆண்களின் அடையாள உடை. கம்பளித் துணியின் கனத்தைத் தூக்கிக்கொண்டு அவர்களே சலித்துப்போனார்கள். டோகா இல்லாமல் ஃபோரம் என்ற நகரச் சதுக்கத்துக்குள் யாரையும் விடாதே என்று பேரரசர் அகஸ்டஸ் உத்தரவு போடும் அளவுக்கு நிலைமை போயிற்று. அன்றாடம் உடுத்தியது டூனிக் என்ற எளிய அங்கி. அடிமையும் அதைத்தான் போட்டான்.

நம்பிக்கை: ஒன்பது கஜப் புடவை பிராமணப் பெண்களின் உடை.

மடிசார் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். கொங்கண் கடற்கரையில் மீன் விற்ற கோளிப் பெண்ணும், வயலில் நடவு நட்டவளும் கச்சம் வைத்தேதான் கட்டினார்கள், முழங்காலளவுக்கு. கணுக்கால்வரை இறங்கினால் அது வேலைக்குப் போகாத வீடு.

நம்பிக்கை: சீர்திருத்தவாதி ஜோதிராவ் பூலே ஏழை விவசாயி, அதனால் முண்டாசு கட்டினார்.

2018-இல் புனேயில் நடந்த கட்சிக் கூட்டத்தில் அரசியல் தலைவர் சரத் பவார், இனி புனேரி பகடி வேண்டாம், பூலே பகடி, அதாவது அவர் கட்டிய முண்டாசு, போடுங்கள் என்றதிலிருந்து எந்தத் தலைப்பாகை என்பது அரசியல் கேள்வியாகிவிட்டது. சாவித்ரிபாய் பூலே புனே பல்கலைக்கழகம் பட்டமளிப்புக்குக் கறுப்பு அங்கியை விட்டுவிட்டுப் புனேரி பகடிக்கு மாறியபோது, மாணவர் சிலர் பூலே பகடி கேட்டு விழாவிலேயே குரல் எழுப்பினார்கள்.

பூலே ஏழையல்ல. கட்டட ஒப்பந்தக்காரர், 1876 முதல் 1883 வரை புனே நகராட்சி உறுப்பினர். நினைத்திருந்தால் ஜரிகைத் தலைப்பாகையே கட்டியிருக்கலாம். 1888 மார்ச்சில் விக்டோரியா மகாராணியின் மகன் கன்னாட் கோமகனுக்குப் புனேயில் நடந்த விருந்துக்கு அவருக்கும் அழைப்பு வந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் வைரமும் பட்டுமாக வந்து நின்ற இடத்துக்கு அவர் குடியானவனின் முண்டாசோடு போனார். எழுந்து, இங்கே நகை மின்ன நிற்பவர்கள் இந்தியாவின் பிரதிநிதிகள் அல்லர், கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள், அந்த மக்களுக்குப் படிப்பு வேண்டுமென்று உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்று கோமகனிடமே பேசினார்.