மழை மலைக்கேற்ற கதவுகள்: வீட்டுக்கும் தோட்டக் கொட்டிலுக்கும்

மஸ்கெலியாவிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் வாழும் கமக்காரர் புதிய கதவு இடக் கருதும்போது மரத்தின் விலையையே முதலில் விசாரிப்பர். அதற்கு முன் அறிய வேண்டியவை இரண்டு உள. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுடன் வரும் மழை உங்கள் வாயிலில் எவ்வாறு அடிக்கின்றது என்பது ஒன்று. கதவின் அடியில் ஈரம் எத்தனை நாள் தங்குகின்றது என்பது மற்றொன்று.

பழைய கதவு எதனையும் உற்று நோக்குங்கள். மேற்பாதி உறுதியாயிருக்க, அடிப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு உக்கியிருக்கும். மரத்தை உக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சணமாகும். மரத்திலுள்ள ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறைவாயிருந்தால் அது வளர மாட்டாது. பலகையின் அறுத்த முனை, அதன் பக்கங்களைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். நிறுத்திப் பொருத்திய பலகைகளின் அறுத்த முனைகள் வாயிற்படியின் ஈரத்தருகே இருப்பதனாலேயே அழிவு அங்கே தொடங்குகின்றது. ஆகையால் கதவை மாட்டுமுன் கீழ்முனைகளுக்கு இரண்டு மூன்று முறை வர்ணம் பூசுங்கள்; மாட்டிய பின் அவ்விடத்துக்குத் தூரிகை எட்டாது. வாயிற்படியை வெளிப்புறம் சரிவாக அமைத்து, நிலைக்கால்களை மண்ணிற் புதையாது கல்லின்மேல் நிறுத்துங்கள். வாயிலுக்கு மேல் இரண்டடி நீண்ட தாழ்வாரம் இருப்பின், நடுத்தர மரமும் நெடுநாள் உழைக்கும். இயன்றால் கொட்டிலின் வாயிலைத் தென்மேற்குத் திசைக்கு எதிராக வைக்காதீர்கள்.

இனி மரத்தைப் பார்ப்போம். பலாவின் மஞ்சள் நிற வயிரம் மழைக்கும் கறையானுக்கும் தாங்கும். அதன் வெளிறு தாங்காது. வெளிறு கலந்த பலகையை மலிவென்று வாங்குதல் வீண்செலவாகும். பலா மரம் தறிப்பதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. சொந்தத் தோட்டத்து மரமாயினும் அனுமதிப் பத்திரம் வேண்டும். விபரத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டறிக. டர்பன்டைன் என நம்மவர் அழைக்கும் யூக்கலிப்டஸ் இனங்களுள் கனத்த மரமுடையவை வெளிக்கதவுக்கு ஏற்றவை. ஆயின் பச்சையாக அறுத்துப் பூட்டினால் அவை முறுகி வெடிக்கும். பலகைகளை நிழலில், இடையிடையே சிறு சட்டம் வைத்து அடுக்கிப் பல மாதங்கள் உலர்த்துதல் வேண்டும்; ஆணி அடிக்குமுன் துளையிடுதலும் அவசியம். தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு அழகிய மரமே எனினும் வீட்டின் உட்கதவுக்கு மட்டும் நன்று. அல்பீசியா தேயிலைப் பெட்டிக்கு உதவிய மரம். அதனை மழையில் நிறுத்துதல் தகாது.

பலகைக் கதவு தொங்கிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் சாய்வுச் சட்டத்தைத் தலைகீழாக அடித்திருப்பதேயாகும். அச்சட்டத்தின் கீழ்முனை பிணைச்சல் உள்ள பக்கத்திலும், மேல்முனை தாழ்ப்பாள் உள்ள பக்கத்திலும் இருத்தல் வேண்டும். அப்பொழுதே கதவின் பாரம் சட்டத்தின் வழியாகக் கீழ்ப்பிணைச்சலுக்கு இறங்கும். தச்சர் வேலையை முடித்துக் கூலி பெறுமுன் இதனை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டிலின் கதவை உள்ளேயிருக்கும் பொருளே தீர்மானிக்கும். விதை உருளைக்கிழங்கு பரவிய வெளிச்சம் பெற்றால் முளைகள் குட்டையாய், தடித்து, பச்சையாய் வரும். இருட்டில் அவை வெளிறி நீண்டு, நடும்போது ஒடியும். ஆகவே அதற்குச் சலாகைக் கதவு இட்டு, உட்புறம் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்தல் நன்று. கொத்மலைப் பள்ளத்தாக்கில் நெல் விளைவிப்போர் கதவின் அடியில் ஓரடி உயரத்துக்குத் தகடு அடித்தால் எலி கடித்து நுழைவது தடைப்படும். பூச்சிநாசினியும் களைநாசினியும் விதையோடும் உணவோடும் சேராது, பூட்டுள்ள தனிப்பெட்டியில் அல்லது தனியறையில் இருக்கட்டும். மிகக் கொடிய வகை மருந்துகள் 1995இல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. இன்று கடையில் கிடைப்பனவும் நஞ்சே; குழந்தையின் கைக்கும், மனமுடைந்தவர் கைக்கும் அவை எளிதில் எட்டலாகாது. இக்கதவுக்கு மட்டும் பூட்டின் விலையைப் பாராதீர்கள்.

உரம் வைக்கும் கொட்டிலில் வெறும் இரும்புப் பிணைச்சல் விரைவில் துருப்பிடிக்கும். பித்தளை பூட்டலாமென்றால் அமோனியா ஆவி பித்தளையை வெடிக்கச் செய்யும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் இவ்வாறே வெடிப்புற்றன. உரக்கொட்டிலுக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் நாகம் பூசிய இரும்பே ஏற்றது.

கதவு இறுகினால் உடனே சீவுளியை எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் மரம் ஊதி இறுகுதல் இயல்பு. அவ்வாறாயின் கதவின் விளிம்பு நெடுக உரசும், வரண்ட மாதங்களில் தானே இளகும். அதற்கு மாறாக, நேற்றுவரை நன்றாய்ச் சாத்திய கதவு இன்று ஒரு மூலையில் மட்டும் பிடித்து, நிலையும் கோணி, சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்புக் காணப்பட்டால் நிலையைச் சுமக்கும் நிலமே அசைகின்றதென ஐயுறல் வேண்டும். கதவுகள் திடீரென இறுகுதல் மண்சரிவின் முன்னறிகுறிகளுள் ஒன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்ததை மலைநாட்டார் மறந்திலர். வீட்டின் மேற்சரிவிலும் வெடிப்பு உண்டா, மரங்கள் சாய்ந்துள்ளனவா, புதிய இடத்தில் கலங்கிய ஊற்று எழுகின்றதா என்று பகலில் பாருங்கள். ஐயம் இருப்பின் மழையில் அவ்வீட்டிற் படுக்காது, குடும்பத்தாருடன் பாதுகாப்பான இடத்துக்குச் சென்று, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.