டப்பாவைத் திறக்க கத்தியா, சக்கரமா?

திருத்தணி மலைக்கோயிலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 365 படிகள். மற்றொன்று, வளைந்து செல்லும் வண்டிப் பாதை. படிகளில் தூரம் குறைவு. ஆனால் மூச்சு வாங்கும். பாதையில் தூரம் அதிகம். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் தேவைப்படும் முயற்சி குறைவு. ஏற வேண்டிய உயரம் இரண்டிலும் ஒன்றுதான். விசையைக் குறைக்க வேண்டுமானால் தூரத்தைக் கூட்ட வேண்டும். மாணவ நண்பர்களே, ஒரு தகர டப்பாவைத் திறக்கும்போதும் இதே விதிதான் வேலை செய்கிறது.

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள சித்தூர், மாம்பழக் கூழுக்குப் பெயர் பெற்றது. (1960ஆம் ஆண்டு வரை திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது.) நம் மாநிலத்தில் கிருஷ்ணகிரியும் அப்படிப்பட்ட ஊரே. அங்கெல்லாம் கூழை அடைக்கும் பெரிய டப்பா ஒன்றில் 3.1 கிலோ கூழ் இருக்கும். கல்யாணச் சமையற்கட்டில் அத்தகைய டப்பா ஒன்றைத் திறக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இரண்டு கருவிகள் இருக்கின்றன: டப்பா திறக்கும் கொக்கி கொண்ட மடக்குக் கத்தி ஒன்று, சக்கரம் வைத்த டின் கட்டர் ஒன்று. எதை எடுப்பீர்கள்?

முதலில் ஒரு வியப்பான செய்தி. தகர டப்பாவுக்கு இங்கிலாந்தில் 1810ஆம் ஆண்டிலேயே பீட்டர் டுராண்ட் காப்புரிமை பெற்றார். ஆனால் அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் டப்பா திறக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றது 1858இல்தான்! இடைப்பட்ட காலத்தில் கனத்த டப்பாக்களை உளியும் சுத்தியலும் கொண்டு உடைத்தார்கள். சுழலும் சக்கரத்தால் வெட்டும் முறையை 1870இல் வில்லியம் லைமன் கொண்டுவந்தார். சுவிட்சர்லாந்தின் படைவீரர்களுக்கு 1891இல் தரப்பட்ட மடக்குக் கத்தியில் டப்பா திறக்கும் பகுதியும் இருந்தது.

இப்போது மடக்குக் கத்தியின் கொக்கியைப் பாருங்கள். அதை டப்பா விளிம்பின் அடியில் மாட்டுகிறோம். அதுவே ஆதாரப் புள்ளி. அதிலிருந்து சுமார் 1 செ.மீ. தூரத்தில் வெட்டும் முனை இருக்கிறது. கை பிடிக்கும் இடம் 8 செ.மீ. தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 2 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பிடியைத் தூக்கினால், முனை 16 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தகரத்தை அழுத்தும். அதுவும் ஊசி போன்ற சிறு பரப்பின் மீது! தகரம் கிழியாமல் என்ன செய்யும்? ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கை 8 மி.மீ. நகர்ந்தால் முனை நகர்வது 1 மி.மீ. மட்டுமே.

டப்பாவின் விட்டம் ஏறத்தாழ 15.7 செ.மீ. ஆகவே சுற்றளவு சுமார் 49 செ.மீ. ஒரு முறை அழுத்தினால் 5 மி.மீ. வெட்டுப்படுவதாகக் கொண்டால், முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய நூறு முறை அழுத்த வேண்டும். அதற்குள் கை ஓய்ந்துவிடும். வெட்டிய விளிம்பும் ரம்பம் போல் ஆகிவிடும்.

சக்கரக் கருவியில் நீண்ட இரு பிடிகளையும் சேர்த்து அழுத்துகிறோம். இதுவும் நெம்புகோலே. வெட்டும் சக்கரமும் பற்சக்கரமும் விளிம்பை இடுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு திருகைத் திருப்புகிறோம். திருகின் ஆரம் 3 செ.மீ., பற்சக்கரத்தின் ஆரம் 1 செ.மீ. என்றால் விசை மூன்று மடங்காகிறது. பற்சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 6.3 செ.மீ. நகரும். ஆகவே எட்டுச் சுற்றில் வேலை முடிந்துவிடும்! கையும் வெட்டு முனையிலிருந்து விலகியே இருக்கும்.

அப்படியானால் சக்கரம்தான் வென்றதா? அவசரப்பட வேண்டாம். விளிம்பு நசுங்கியிருந்தால் சக்கரம் நின்றுவிடும். சதுர டின்னின் மூலையிலும் அது தடுமாறும். பற்கள் தேய்ந்தால் வழுக்கும். கொக்கிக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. சட்டைப் பையிலும் அடங்கும். எனவே நாள்தோறும் பல டப்பாக்கள் திறக்கும் சமையற்கட்டுக்குச் சக்கரம், பயணத்துக்குக் கொக்கி.

ஆனால் கத்தியின் அலகைக் கொண்டு மட்டும் டப்பாவைக் குத்தாதீர்கள். அலகுக்குக் கொக்கி இல்லை. ஆகவே ஆதாரப் புள்ளியும் இல்லை. கையின் விசை முழுவதும் தாங்குவாரின்றிப் பாயும். அலகு வழுக்கலாம், அல்லது சட்டென்று மடங்கி விரலை வெட்டலாம். கூர்மையைவிட முக்கியமானது பிடிமானம்!

இன்னும் சில எச்சரிக்கைகள். டப்பாவை மடியில் வைக்காமல் உறுதியான மேடைமீது வையுங்கள். மூடியை முழுவதும் வெட்டாமல் 2 செ.மீ. விட்டுவிட்டு, கரண்டியால் நிமிர்த்துங்கள். வெட்டிய ஓரத்தை விரலால் தொடாதீர்கள். மூடி உப்பியிருந்தால் அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டாம். உள்ளே நுண்ணுயிர்கள் பெருகி வாயுவை உண்டாக்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்தான நஞ்சாக இருக்கக்கூடும். சுவைத்துப் பார்க்கவும் கூடாது.

உங்கள் வீட்டில் டின் கட்டர் இருக்கிறதா? அளவுகோலை எடுத்து, ஆதாரப் புள்ளியிலிருந்து கைக்கும் முனைக்கும் உள்ள தூரங்களை அளந்து பாருங்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் வருவதே அதன் இயந்திர லாபம். அடுத்த முறை திருத்தணிக்குப் போகும்போது, படியில் ஏறி, பாதையில் இறங்கிப் பாருங்கள். அதே கணக்கை உங்கள் கால்களே சொல்லித்தரும்.