மாடியில் சோலார், அறைக்குள் கீரை: எதைத் தேர்வது?

சென்னையில் லெட்டூஸோ கீரையோ வேண்டுமென்றால் மூன்று வழி. அறைக்குள் எல்இடி வெளிச்சத்தில் அடுக்கடுக்காக வளர்க்கலாம். மாடியில் நிழல்வலைக்குடில் போடலாம். நீலகிரியிலிருந்து லாரியில் வருவதை வாங்கலாம். “கரண்ட் சோலார்தானே, அறைக்குள் வளர்த்தால்தான் சுத்தம்” என்பவர்கள் முதலில் யூனிட் கணக்கைப் பார்க்கட்டும்.

ஒரு சதுர மீட்டர் தட்டில் லெட்டூஸ் வளர நாளுக்கு 16 மணி நேரம் விளக்கு எரிய வேண்டும். நல்ல எல்இடி என்றாலும் சுமார் 1 யூனிட் போகும். அது சூடாக மாறும். சூட்டையும் இலை விடும் ஈரத்தையும் இழுக்க ஏசி. ஆக ஒன்றரை யூனிட். இங்கே 1 கிலோவாட் பேனல் 5 சதுர மீட்டர் இடம் பிடித்து நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அப்படியானால் பத்தடுக்கு ரேக் தரையில் 1 சதுர மீட்டர், அதன் பேனல் ஏறக்குறைய 20. இடம் மிச்சம் என்ற பேச்சு அங்கேயே அடிபடுகிறது.

கிலோவுக்குச் சுமார் 10 யூனிட் என்று வையுங்கள். அனல்மின் கலந்த கரண்டில் அது 7 கிலோ கரியமில வாயு. சோலாரில், பேனல் தயாரிப்பையும் சேர்த்தால், அரை கிலோவுக்குக் கிட்டே. ஊட்டி லாரி 550 கிலோமீட்டர் ஓடிவர, கிலோவுக்கு 100 கிராம் அளவில்தான் ஆகும். ராத்திரி எரியும் விளக்குக்கு, பேட்டரி இல்லையேல், எப்படியும் வெளிக் கரண்ட்தான்.

ஆனால் லாரிக் கணக்கில் மலைச்சரிவின் மண் அரிப்பும் தோட்டத்து மருந்தடிப்பும் வராது. தண்ணீரில் அறைதான் ஜெயிக்கும்: வயலில் செலவாவதில் பத்தில் ஒரு பங்கு போதும், ஏசியில் சொட்டுவதையும் பிடித்துத் தொட்டியில் விடலாம். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இது பெரிய விஷயம்.

என் ஓட்டு நிழல்வலைக்கு. முளைக்கீரை, சிறுகீரை எல்லாம் மூன்று நான்கு வாரத்தில் வெயிலிலேயே வந்துவிடும். அவற்றுக்கு விளக்குப் போடுவது வீண். வலை சில வருடத்தில் கிழியும், அந்த பிளாஸ்டிக் குப்பையும் உங்கள் கணக்கில்தான். லெட்டூஸுக்கு இங்கே மார்கழி, தை தோது. அக்னி நட்சத்திரத்தில் தண்டு நீண்டு இலை கசக்கும்; அப்போது ஊட்டிச் சரக்கை வாங்குங்கள். அறை வேண்டுமானால் மைக்ரோகிரீன்ஸ், நாற்று என்று சில நாளில் வெளியேறுபவற்றோடு நிறுத்துங்கள். தக்காளி, கத்தரி பக்கம் போகவே வேண்டாம். ரேக் விற்க வருபவரிடம் கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள், ஏசியையும் சேர்த்து.